தகைமைப் பரீட்சைக்குப் பத்து வருட வினாத்தாள் போதுமா?

18 ஜூன் 2024 – வாசகர் கேள்வி

எனக்குத் திருகோணமலையில் உப்புவெளி. பேராதனையில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் கலாநிதிப் படிப்பில் சேர்ந்தேன். முதலாம் ஆண்டு முடிந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். வரும் ஜனவரியில் தகைமைப் பரீட்சை, அதாவது கலாநிதிப் படிப்பைத் தொடரலாமா என்று தீர்மானிக்கும் பரீட்சை. திண்மப் பொறியியலும் பாய்ம இயக்கவியலும் நான் தெரிவுசெய்த பாடங்கள், கணிதம் கட்டாயம். மூத்த மாணவர்களிடம் பத்து வருட வினாத்தாள்களை வாங்கி வைத்திருக்கிறேன். உயர்தரப் பரீட்சைக்குச் செய்ததுபோல எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்து கை பழகிவிட்டால் தேறிவிடலாம் என்பது என் கணக்கு. காலை ஐந்து மணிக்கே மேசையில் இருந்துவிடுகிறேன். இதற்கு மேல் செய்ய என்ன இருக்கிறது? எழுதித் தேறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

19 ஜூன், காலை – பதில்

போதாது.

எழுத்துப் பரீட்சையா, வாய்மொழிப் பரீட்சையா என்று தம்பி சொல்லவில்லை. முதலில் அது தெரியவேண்டும். அமெரிக்காவில் இந்தப் பரீட்சைக்கு ஒரே வடிவம் கிடையாது. சில துறைகளில் எழுத்து மட்டும். சிலவற்றில் மூன்று நான்கு பேராசிரியர்களுக்கு முன்னால் வெண்பலகையில் நின்று பதில் சொல்ல வேண்டும். இன்னும் சிலவற்றில் பாடக் கேள்வியே இல்லை. இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகளைக் கையில் தந்து, குறைநிறைகளை விமர்சித்துப் பேசச் சொல்வார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலுக்கு ஒரு முறையும் குடிசார் பொறியியலுக்கு வேறொரு முறையும் இருக்கும். பெயரும் குழப்பம் தரும். ஓரிடத்தில் தகைமைப் பரீட்சை என்பதை இன்னோரிடத்தில் பூர்வாங்கப் பரீட்சை என்பார்கள். மற்றோரிடத்தில் அந்தப் பெயர் ஆய்வு முன்மொழிவை ஒப்புவிப்பதைக் குறிக்கும். துறையின் பட்டப்பின் கைந்நூலை எடுத்து, உங்கள் ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு எந்த விதி பொருந்தும் என்று பாருங்கள். மூத்த மாணவர் எழுதிய முறை உங்கள் காலத்தில் மாறியிருக்கக்கூடும்.

பார்த்துவிட்டு எழுதுங்கள்.

19 ஜூன், இரவு

தம்பியின் பதிலைப் பார்த்தேன். முதலில் எழுத்து, இரண்டு வாரம் கழித்து வாய்மொழி. அப்படியென்றால் நீங்கள் பாதிப் பரீட்சைக்குத்தான் ஆயத்தமாகிறீர்கள்.

எனக்கும் அதே அமைப்புத்தான் இருந்தது. நான் ஆயத்தமானதும் இந்த ஊரில்தான், 2022 நடுப்பகுதியில். மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் நிறைந்த காலம். விசிறி நின்றுவிட்டால் கச்சான் காற்றின் புழுக்கத்தில் அறைக்குள் இருக்க முடியாது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிடுவேன். பெரியம்மா ஒரு காலத்தில் ரியூசன் வகுப்பு நடத்திய விறாந்தை அது. சுவரில் கரும்பலகை இன்னும் இருக்கிறது. அங்கே எழுதிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் என் படிப்பின் போக்கே மாறியது.

கொப்பியில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் கணக்கு, பலகையில் வாயால் சொல்லிக்கொண்டே செய்யும்போது முடியாமல் நிற்கும். கொப்பியில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் கை தானாகப் போகிறது. வாயால் சொல்லும்போது "இங்கே ஏன் இந்த உறுப்பை விட்டுவிட்டோம்?" என்று நாமே நின்று கேட்கவேண்டி வருகிறது. வாய்மொழிப் பரீட்சையில் கேட்பது அதைத்தான். கணக்குத் தெரியாமல் தவறுகிறவர்கள் குறைவு. என் துறையில் நான் கண்டவரையில், தெரிந்ததை வெளியே சொல்லாமல் பலகைக்கு முகம்கொடுத்து ஐந்து நிமிடம் மௌனமாக எழுதியவர்கள்தான் சிக்கினார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று பேராசிரியருக்குத் தெரியாது. தெரியாததற்கு அவர் எப்படிப் புள்ளி போடுவார்?

உயர்தரம் நம்மை வாயை மூடிக்கொண்டு கணக்குச் செய்யத்தான் பழக்கியது. மண்டபத்தில் வாய் திறந்தால் விடைத்தாளைப் பறித்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைப் பலகைக்கு முன்னால் நின்றால் ஒரே நாளில் கண்டுகொள்வீர்கள். ஐந்து மணிக்கு எழும்புவதை விடவேண்டாம். அந்தப் பலத்தையும் நமக்குத் தந்தது உயர்தரம்தான். ஆனால் அந்த நேரத்தில் பாதியையாவது நின்றுகொண்டு, சத்தமாகச் செலவழியுங்கள்.

23 ஜூன்

"சத்தமாகச் சொல்வது என்றால் என்ன சொல்வது? சூத்திரத்தையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஒன்றை எடுத்து முழுமையாகக் காட்டுகிறேன். கொஞ்சம் நீளும்.

திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்க் குதங்களை, அதாவது பெரிய எண்ணெய்த் தாங்கிகளை எடுப்போம். பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் கட்டியவை. ஏறத்தாழ நூறு குதங்கள், ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும் என்பார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அங்கே ஒரு குதம் எரிந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது பரீட்சை. பேராசிரியர் கேட்கிறார்: "உருக்குத் தகட்டால் ஆன உருளைக் குதம். சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும்?"

தகைப்பு என்பது தகட்டின் குறுக்குவெட்டில் ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை. வினாத்தாள் பழகிய கை உடனே "தகைப்பு = அமுக்கம் × ஆரை ÷ தடிப்பு" என்று எழுதிவிடும். சரியான விடை. அவர் தலையாட்டிவிட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்பார். பரீட்சை அங்கேதான் தொடங்குகிறது.

குதத்தை நடுவால் பிளந்து, ஒரு மீற்றர் உயரமான பாதி வளையத்தை மட்டும் வரையுங்கள். உள்ளே எண்ணெய் அதை வெளியே தள்ளும் விசை, அமுக்கத்தை விட்டத்தால் பெருக்கியது. அதைப் பிடித்து வைத்திருப்பவை வெட்டிய இரு முனைகளிலும் உள்ள தகடுகள். ஒவ்வொன்றும் தகைப்பைத் தடிப்பால் பெருக்கிய அளவு இழுக்கிறது. இரண்டையும் சமப்படுத்தினால் சூத்திரம் தானாக வந்து நிற்கும். மனப்பாடம் தேவையே இல்லை.

அடுத்து எண்கள். விட்டம் 38 மீற்றர், உயரம் 12 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கனவளவு ஏறத்தாழ 13,600 கன மீற்றர். எண்ணெயின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 900 கிலோ என்றால் 12,000 தொன்னுக்குச் சற்று மேலே வருகிறது. ஆகவே நாம் எடுத்த அளவு நியாயமானதுதான். இதையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அடியில் அமுக்கம் 900 × 9.81 × 12, அதாவது ஏறத்தாழ 106 கிலோ பஸ்கால். உருக்குக்கு 150 மெகா பஸ்கால் வரை அனுமதித்தால் அடித்தகட்டின் தடிப்பு 13 மில்லிமீற்றர் அளவில் வரும்.

"மேலே?" என்பார் அடுத்தவர். மேலே அமுக்கம் பூச்சியம், ஆகவே சமன்பாட்டின்படி தடிப்பும் பூச்சியம். அப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தக்கூடாது. தகட்டைத் தூக்கி ஒட்டவேண்டும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், குதம் வெறுமையாக இருக்கும்போது காற்று அடித்தால் மெல்லிய சுவர் உள்ளே நெளிந்துவிடும். ஆகவே எப்படியும் சில மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். திறந்த வாய்க் குதம் என்றால் மேல்விளிம்பில் ஒரு வலுவூட்டும் வளையமும் வேண்டும்.

"ஆரைப்பக்கத் தகைப்பை ஏன் விட்டுவிட்டாய்?" ஏனென்றால் அது உள்பக்கத்தில் அதிகபட்சம் 0.1 மெகா பஸ்கால். சுவரைச் சுற்றி இழுக்கும், நாம் கணித்த சுற்றுத் தகைப்போ 150 மெகா பஸ்கால். ஆரையைத் தடிப்பால் வகுத்தால் வரும் 1,400 என்ற விகிதமே அதற்குச் சான்று.

"சுவர் அடித்தளத்தோடு ஒட்டும் இடத்தில் உன் சூத்திரம் செல்லுமா?" செல்லாது. இது நல்ல மாணவர்களையும் உலுக்கும் கேள்வி. தகைப்பு 150 என்றால் சுவர் ஆரைப்பக்கமாக 14 மில்லிமீற்றர் விரியப் பார்க்கும். அடித்தகடு அதை விடாது. ஆகவே அந்த மூலையில் சுவர் வளைகிறது. அந்த வளைவு எவ்வளவு உயரத்துக்குப் பரவும்? ஆரையையும் தடிப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: அரை மீற்றர் அளவு. அதற்கு மேலே பழைய சூத்திரம் மறுபடியும் செல்லும்.

ஒரே குதம், அரை மணி நேரம். இத்தனையும் இளமாணிப் பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த பாடம்தான். எனக்கு நடந்த வாய்மொழிப் பரீட்சையில் மெல்லிய உருளை பற்றிய ஒரு கேள்வி ஏறத்தாழ இந்தப் பாதையில்தான் போனது. சூத்திரத்தைச் சொன்னதற்கு ஒருவரும் புன்னகை செய்யவில்லை. மூலையில் வளைவு வரும் என்று சொன்ன இடத்தில்தான் ஒரு பேராசிரியர் பேனையை எடுத்து எதையோ குறித்தார்.

24 ஜூன்

ஒன்று விடுபட்டுவிட்டது. கணக்கில் எண்களைப் போடுவதற்கு முன்னால் அலகைச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும்.

2 ஜூலை

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "நம்முடைய பெரிய பொறியியலாளர்கள் எவரும் இப்படியொரு பரீட்சை எழுதவில்லை, இது அமெரிக்கர்கள் மாணவரை வடிகட்டும் வேலை" என்கிறார். மண் பொறியியல் பேராசிரியர் துரைராஜாவை உதாரணம் காட்டுகிறார்.

அழகையா துரைராஜா கலாநிதிப் பட்டம் பெற்றது கேம்பிரிட்ஜில். பிரித்தானிய முறையில் இந்தப் பரீட்சை கிடையாது. அங்கே முதலாண்டு முடிவில் ஓர் அறிக்கையும் நேர்காணலும் வைத்து, தொடரலாமா என்று தீர்மானிப்பார்கள். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வாய்மொழிப் பரீட்சை இருக்கும். அவுஸ்திரேலியாவிலும் முதலாண்டளவில் உறுதிப்படுத்தல் ஒன்று உண்டு. இந்தியாவின் ஐஐடிகளில் விரிவுப் பரீட்சை என்ற பெயரில் அமெரிக்க முறையை ஒத்த ஒன்று நடக்கிறது. நம் நாட்டில் பலர் முதுதத்துவமாணிக்கு (எம்.ஃபில்) பதிந்து, பிறகு கலாநிதிப் பட்டத்துக்கு மேலுயர்த்தப்படுகிறார்கள். அந்த இடத்திலும் ஆய்வை விளக்கிப் பேசி ஒப்புதல் பெறவேண்டும். ஆகவே எந்த வாசலால் போனாலும் எங்கோ ஓரிடத்தில் நின்று பேசத்தான் வேண்டும்.

துரைராஜாவின் பெயர் வந்ததால் சொல்கிறேன். 1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா என்ற மூவர் பெயரில் வந்த ஈரக் களிமண் பற்றிய கட்டுரை இன்றும் மண் பொறியியல் படிப்பவர்கள் தொட்டுப்போகும் கட்டுரை. அந்தக் கட்டுரையில் உள்ள மண் மாதிரியின் அடியில் இருப்பது ஒரு சக்திச் சமன்பாடு: மண்ணை உருமாற்றச் செய்யும் வேலை உராய்வில் எவ்வளவு கரைகிறது என்ற ஒரே கேள்வி. மண் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையைக் காட்டும் முழு வளைகோடும் அதிலிருந்து பிறக்கிறது. மண் பொறியியலில் தகைமைப் பரீட்சை எழுதப்போகும் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பெறுகையைப் பலகையில் ஆரம்பத்திலிருந்து செய்து பாருங்கள். பேராதனையின் பொறியியல் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர் அவர். போர்க்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தியவர். அவரை நினைக்கும்போது எனக்கு மரியாதையால் மனம் நிறைகிறது.

மாணவரை வடிகட்டுவதற்காகவே சில துறைகள் இதைக் கடுமையாக வைத்திருந்தன என்ற குறை நெடுங்காலமாக உண்டு. பல துறைகள் அதனால்தான் பாடப் பரீட்சையைக் குறைத்து ஆய்வுப் பரீட்சைக்கு மாறியிருக்கின்றன. அந்த மாற்றம் நல்லது என்பதே என் எண்ணம். ஆனால் தம்பிக்கு ஜனவரியில் வரப்போவது பழைய வகை. அதற்குத்தான் இங்கே வழி பார்க்கிறோம்.

14 ஜூலை

வினாத்தாள் பற்றி நான் முதல் நாள் "போதாது" என்று சொன்னதை வைத்து இருவர் வினாத்தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். போடாதீர்கள்! அவற்றைப் பயன்படுத்தும் முறைதான் வேறு.

பத்து வருடத்துத் தாள்களை மேசையில் பரப்பி, ஒரு கேள்வியையும் செய்யாமல் முதலில் வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது எந்த ஒரே கருத்தில் நிற்கிறது என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதுங்கள். பாய்மத் தாள்களில் இதைச் செய்தபோது எனக்குத் தெரிந்தது இது: வளைந்த குழாயைப் பிடித்திருக்கும் விசை, தகட்டில் மோதும் நீர்த்தாரை, படகைத் தள்ளும் தாரை, திடீரென அகலும் குழாயில் சக்தி இழப்பு என்று வேடம் மாறி மாறி வந்தவை எல்லாம் ஒரே உந்தச் சமன்பாடு. கட்டுப்பாட்டுக் கனவளவை, அதாவது கணக்குக்காக நாமே கற்பனையில் போடும் எல்லையை, எங்கே வரைவது என்பதில் மட்டும்தான் வேறுபாடு. அகலும் குழாயில், வேகத்தையும் அமுக்கத்தையும் இணைக்கும் பெர்னூயி சமன்பாட்டைப் போட்டால் விடை பிழையாகிவிடும். ஏன் பிழையாகிறது என்று சொல்லத் தெரிந்தால் அந்தப் பகுதி உங்கள் கையில்.

இப்படிப் பிரித்தால் அத்தனை கேள்விகளும் விரல்விட்டு எண்ணக்கூடிய கருத்துகளுக்குள் அடங்கிவிடும். பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு கேள்வியை நேரம் வைத்து எழுதுங்கள்; அதே கேள்வியை அடுத்த நாள் பலகையில் பேசிச் செய்யுங்கள். மிச்சத்தைக் கடைசி மாதத்துக்கு வையுங்கள். விடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது மட்டும் வேண்டாம். விடையைப் பார்த்தவுடன் "ஆம், இதுதான் நானும் நினைத்தேன்" என்று மனம் சொல்லும். அந்தச் சொல்லை நம்பாதீர்கள்.

இன்னொன்று. பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே தெரியுமென்றால் அவர்கள் இளமாணி மாணவருக்குக் கற்பிக்கும் பாடத்தின் வீட்டுவேலைகளைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைவிட அவைதான் பரீட்சைக்கு நெருக்கம். அனுமதி கேட்டு அவர்களுடைய வகுப்பில் பின்வரிசையில் இருந்து கேட்டால் இன்னும் நல்லது. எந்தக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்பது பிடிபட்டுவிடும்.

15 ஜூலை

1904இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்ட்ல் ஹைடெல்பேர்க்கில் கணிதவியலாளர் மாநாட்டில் எல்லைப்படை (பரப்பை ஒட்டி ஓட்டம் மெதுவாகும் மெல்லிய படை) என்ற கருத்தை முன்வைத்தபோது அவருக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம். இன்றைய பாய்ம இயக்கவியலின் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்திலிருந்து வளர்ந்தது. எல்லைப்படை என்றால் என்ன, ரெனோல்ட்ஸ் எண் (பாகுத்தன்மையோடு ஒப்பிடும்போது ஓட்டத்தின் உந்தம் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்) ஏறும்போது அது ஏன் மெலிகிறது, பந்தின் பின்பக்கத்தில் ஏன் பிரிகிறது, இவற்றைச் சமன்பாடே எழுதாமல் பத்து நிமிடத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நான் விறாந்தையில் முதலில் பழகியது இதைத்தான்.

29 ஜூலை

தனியாகப் படிப்பதா, கூட்டாகவா என்று விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. கூட்டாகத்தான், ஆனால் நாலு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டத்தில் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். ஒருவர் பலகையில், மற்றவர்கள் பேராசிரியர்கள். கேள்வி கேட்பவராக இருந்து பழகுவதிலும் பெரிய பயன் உண்டு. "ஏன்?" என்று எந்த இடத்தில் கேட்கவேண்டும் என்று தெரிந்துவிட்டால், தன் முறை வரும்போது அந்த இடத்தில் தானே நின்று விளக்குவோம்.

ஊரில் துறை தெரிந்தவர் எவரும் இல்லை என்கிறார் தம்பி. துறை தெரியவேண்டியதில்லை. எனக்குக் கேள்வி கேட்டவர் என் பெரியப்பா. முப்பது நாற்பது வருடம் மேசன் வேலை செய்தவர். உவர்மலையிலும் பாலையூற்றிலும் அவர் கட்டிய வீடுகள் நிறைய உண்டு. பின்னேரம் தேத்தண்ணீரோடு விறாந்தைக்கு வந்து கதிரையில் இருப்பார். ஒருநாள் நான் வளையின் (பீம்) வளைவுத் திருப்பத்தை, அதாவது அதை வளைக்கும் தாக்கம் இடத்துக்கிடம் மாறுவதை, வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, அறைக்கு மேலே போடும் கொங்கிறீற்றுக்குக் கம்பியைக் கீழே வைக்கிறோம். யன்னலுக்கு மேலே வெளியே நீட்டும் தட்டுக்கு மேலே வைக்கிறோம். உன் படத்தில் அது எங்கே தெரிகிறது?" என்றார்.

படத்தில் குறி மாறும் இடத்தைக் காட்டினேன். இரு பக்கமும் தாங்கிய தட்டு நடுவில் தொய்யும், கீழ்ப்பக்கம் இழுபடும். ஒரு பக்கம் மட்டும் பிடித்த தட்டின் நுனி தாழும், மேற்பக்கம் இழுபடும். கொங்கிறீற்று இழுவையைத் தாங்காது, ஆகவே இழுபடும் பக்கத்தில் கம்பி. அவர் விடவில்லை. "அப்படியென்றால் மூன்று தூணில் ஒரே வளை போனால் நடுத் தூணுக்கு மேலே?" நான் பதில் சொல்வதற்குள் அவரே கையைக் குவித்து, மேல்பக்கம் என்று காட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் வராத நாளில் நான் கூப்பிட்டு இருத்துவேன். பெயர்களும் சமன்பாடுகளும் இல்லாமல் ஒரு மேசனுக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால் பேராசிரியருக்குச் சொல்வது சுலபம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கப்பல் துறையில் வேலை செய்த மாமா, கிண்ணியாப் பக்கம் படகுக்கு இயந்திரம் திருத்தும் அண்ணா, யாரையாவது இருத்துங்கள்.

30 ஜூலை

முதல் முறை தவறினால் என்ன ஆகும் என்று தனிமடலில் ஒருவர் கேட்டதற்குப் பொதுவிலேயே பதில் சொல்கிறேன். பலருக்கும் அந்தப் பயம் இருக்கும்.

முதல் முறை தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். பெரும்பாலான துறைகள் இரண்டாவது வாய்ப்புத் தருகின்றன. சில இடங்களில் தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம். சில இடங்களில் நிபந்தனையோடு தேறச் செய்து ஒரு பாடநெறியை எடுக்கச் சொல்வார்கள். இரண்டாவது முறையும் தவறினால் பல இடங்களில் முதுமாணிப் பட்டத்தோடு வெளியேறலாம். என்னோடு சேர்ந்தவர்களில் மிகக் கெட்டிக்காரர் என்று நான் நினைக்கும் ஒருவர் முதல் முறை தவறினார். கேள்விகள் கடினம் என்பதால் அல்ல. பேராசிரியர் கொடுத்த சாடையை அவர் எடுக்கவில்லை. "சமச்சீரைப் பார்" என்று இரண்டு தடவை சொல்லியும் தன் வழியிலேயே போனார். சாடை கொடுத்தால் அது உங்களைத் தாழ்த்துவதற்கு அல்ல. அவரோடு சேர்ந்து ஆய்வு செய்யும்போது அவர் சொல்வதைக் கேட்டு வழி மாற்றிக்கொள்வீர்களா என்று பார்ப்பதும் பரீட்சையின் ஒரு பகுதி. இரண்டாவது முறை அவர் ஒவ்வொரு சாடைக்கும் நின்று, "நீங்கள் சொல்வது இதுவா?" என்று திருப்பிக் கேட்டார். தேறினார்.

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "இந்தச் சூத்திரம் நினைவில் இல்லை, ஆனால் எந்தக் கணியங்களில் தங்கியிருக்கும் என்று பரிமாணத்தை (நீளம், திணிவு, நேரம்) வைத்துப் பார்க்கிறேன்" என்று தொடங்குங்கள். பிரித்தானிய விஞ்ஞானி ஜி. ஐ. டெய்லர் அணுகுண்டு வெடிப்பின் சக்தியை, வெளியான படங்களில் தீக்கோளத்தின் ஆரையையும் நேரத்தையும் பார்த்து இந்த வழியில்தான் மதிப்பிட்டார்: காற்றின் அடர்த்தியை ஆரையின் ஐந்தாம் அடுக்கால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தல். 1950இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள் அவை. பலகையில் முட்டி நிற்கும்போது பரிமாணப் பகுப்பாய்வைப்போலக் கைகொடுப்பது வேறொன்றும் இல்லை.

5 ஓகஸ்ட்

நேற்று ஆடி அமாவாசை. கோணேசர் தீர்த்தத்துக்கு வீட்டோடு போய்வந்ததால் நாள் வீணாகிவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். வீணாகவில்லை. அப்பாவுக்காகத் தர்ப்பணம் செய்யப் போன நாளைப் படிப்புக் கணக்கில் கழிக்காதீர்கள். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனால் ஆறு மாதம் தொடர்ந்து தனியாகத்தான் இருக்கப்போகிறீர்கள். ஊரில் இருக்கும்போது ஊரோடு இருங்கள்.

நானும் அந்த 2022 விடுமுறையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனேன். ஏழு கிணறும் கையெட்டும் தூரத்தில், ஒவ்வொன்றின் சூடும் வேறு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. ஒரு கிணற்றைச் சுற்றிக் கட்டுப்பாட்டுக் கனவளவு வரைந்தால், அடியிலிருந்து வரும் நீர் கொண்டுவரும் வெப்பம் ஒரு பக்கம். மேற்பரப்பிலிருந்து ஆவியாகியும் காற்றுக்கும் போகும் வெப்பம், சுற்று மண்ணுக்குப் போவது, வழிந்தோடும் நீர் கொண்டுபோவது மறுபக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே சூடான நீர் வந்தாலும், குறைவாக ஊறும் கிணறு கூடுதலாக ஆறும் என்று இந்தச் சமன்பாடு சொல்கிறது. உண்மையான காரணம் அதுதானா என்பதை ஊறும் வீதத்தை அளந்தால் ஒழியச் சொல்ல முடியாது. ஆனால் வெப்பமாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாய்மொழிக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

11 ஓகஸ்ட்

கணிதம் பற்றி ஒருவரும் பேசாமல் இருக்கிறோம். சுருக்கமாக: நேர்கோட்டு அட்சரகணிதம், சாதாரண வகையீட்டுச் சமன்பாடுகள், காவி (வெக்டர்) நுண்கணிதம், பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளில் வெப்பம், அலை, லப்பிளாஸ். இவை நான்கும் உறுதியாக இருந்தால் பெரும்பாலான பொறியியல் துறைகளுக்குப் போதும். தாயம் (மேட்ரிக்ஸ்) ஒன்றின் ஐகன் பெறுமானத்தைக் கணிக்கத் தெரிவது பத்து விழுக்காடுதான். தகைப்புத் தாயத்துக்கு ஐகன் பெறுமானம் கண்டால் அவை முதன்மைத் தகைப்புகள், அதிர்வுத் தொகுதிக்குக் கண்டால் இயல்பு அதிர்வெண்ணின் வர்க்கம், கட்டுப்பாட்டுத் தொகுதிக்குக் கண்டால் அது நிலைக்குமா குலையுமா என்பது. இந்த மூன்றையும் இணைத்துச் சொன்னால் கணிதப் பேராசிரியரும் திண்மப் பேராசிரியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அது நல்ல அறிகுறி.

12 ஓகஸ்ட்

மென்பொருள் ஏதாவது கற்கவேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, கணிப்பொறி மென்பொருள் எதையும் கற்கத் தேவையில்லை, ஜனவரி வரைக்கும்.

17 ஓகஸ்ட்

தம்பி 27ஆம் திகதி விமானம் ஏறுகிறார். நிலாவெளிப் பக்கம் இன்னும் இருவர் இதே ஆயத்தத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. ஒருவர் குடிசார் பொறியியல், மற்றவர் மின்பொறியியல். நாளை ஞாயிறு மாலை நாலு மணிக்கு எல்லோரும் பெரியம்மாவின் விறாந்தைக்கு வருகிறார்கள். பெரியப்பாவும் இருப்பார். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம். கொப்பி, தொலைபேசி, கணிப்பான் எதுவும் பலகைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. மின்பொறியியல்காரர் துறை வேறென்று பின்வாங்கவேண்டாம். மற்றவர்களின் கேள்விக்கு "ஏன்" கேட்பதுதான் உங்கள் வேலை. உங்கள் முறைக்கு நான் கேள்வி வைத்திருக்கிறேன்.

தம்பிக்கான முதல் கேள்வியை இப்போதே தருகிறேன், இரவில் யோசிக்கலாம். வீட்டில் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் குழாய் இடிக்கும் சத்தம் வருகிறது. குழாயில் நீர் வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. மூடிய கணத்தில் அமுக்கம் எவ்வளவு எகிறும்? மெதுவாக மூடினால் ஏன் எகிறவில்லை? "மெதுவாக" என்றால் எதைவிட மெதுவாக? மூன்றாவது கேள்வியில்தான் நான் புள்ளி போடுவேன்.

சோக்குக் கட்டி தீர்ந்துவிட்டது. வரும்போது யாராவது ஒரு பெட்டி வாங்கி வாருங்கள்.